பழைய சாமான் மூட்டை

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றால் டெல்டா முழுவதும் முகம் மலரும். மன்னார்குடியில் செல்லதுரையின் மோட்டார் கடை மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும்போது போர்செட்டை யார் சீண்டப் போகிறார்கள்? மோட்டார் ஓடினால்தானே புகையும், புகைந்தால்தானே காயில் கட்ட வரும். பங்குனி சித்திரையில் சோறு தின்ன நேரமிருக்காது. ஆடி ஆவணியில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊருக்கு நல்லது நடந்தால் நமக்கு வயிற்றில் ஈரத்துணி என்று பூவிழி சொல்லிச் சிரிப்பாள்.

பூவிழி செல்லதுரையின் மனைவி. கடைப் பலகையில் அவள் பெயர் கிடையாது. ஆனால் அந்தக் கடைக்கு வருகிற எந்த மோட்டாருக்கும் காயில் கட்டுவது அவள் கைதான். கழற்றுவது, மாட்டுவது, வந்தவர்களிடம் பேசுவது எல்லாம் அவன் பாடு. கம்பியைச் சுற்றி, இரும்பில் வெட்டிய காடியில் இறக்கி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்து உலர்த்துவது அவள் பாடு. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். அவள் நூல் கட்டும் முடிச்சு தனி, பூத்தொடுக்கிற முடிச்சு. சுற்று வட்டாரத்து மெக்கானிக்குகள் ஒரு மோட்டாரைத் திறந்து அந்த முடிச்சைப் பார்த்தால், "இது செல்லதுரை கடை காயிலு" என்பார்கள். பூவிழி கட்டியது என்று சொல்ல மாட்டார்கள். அதைப் பற்றி அவள் அன்றைக்கெல்லாம் கவலைப்பட்டதும் இல்லை.

செல்லதுரைக்கு ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு வந்த பொருளிலிருந்து எதைக் கழற்றினாலும், கருகிய கம்பியோ, தேய்ந்த பேரிங்கோ, மரை போன போல்ட்டோ, அதை ஒரு துணியில் மூட்டை கட்டி உடையவர் கையிலேயே கொடுத்துவிடுவான். வேண்டாம் என்றாலும் வண்டியில் ஏற்றிவிடுவான். "செம்பை எடுத்துக்கிட்டான்னு ஒருத்தன் வாயைத் திறந்துட்டா போதும், அப்புறம் இந்த ஊர்ல நான் கடை வைக்க முடியாது" என்பான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். அந்த நாணயத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதில் பூவிழிக்குப் பெருமை இருந்தது.

போன வருடம் ஆடி மாதம், கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கீழமருதங்குடி பஞ்சநதம் ஒரு கோணிப்பையோடு வந்து இறங்கினார். எழுபது வயது. அவருடைய தாத்தா நூறு வருடத்துக்கு முன்பு மதராஸிலிருந்து வாங்கிவந்த சீமைக் கார் ஒன்று அவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. செல்லதுரையின் தாத்தா அந்த வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் அந்தக் கார் சேற்றில் சிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து தள்ளியவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்குச் செல்லதுரைக்கு அதே ஊரில் சொந்தமாக ஆறு மா நிலம் இருந்தது. ஆனாலும் பஞ்சநதத்தைக் கண்டால் அவன் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"செல்லதுரை, ஆவணில நம்ம பையன் பிரபுவுக்குக் கல்யாணம்" என்றார் பஞ்சநதம். "மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்லதான். எங்க தாத்தா, அப்பா, நானு, எல்லாரும் இதுல போனவங்க. அவன் சிங்கப்பூர்லேருந்து வந்து வாடகைக் கார்ல போறதா? வண்டி எல்லாம் சரியா இருக்கு. இந்தப் பொறி அடிக்கிற பொட்டிதான் செத்துப்போச்சு. மெட்ராஸ்ல கேட்டா, இதைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி வச்சுக்கங்கங்கறான். வெளில பார்க்க அப்படியே இருக்கணும். உள்ள என்ன பண்ணுவியோ பண்ணு."

கோணிப்பைக்குள் இருந்தது மேக்னெட்டோ. பேட்டரி இல்லாத காலத்து வண்டிக்குத் தானே மின்சாரம் பிறப்பித்துத் தீப்பொறி கொடுக்கிற பெட்டி. மேலே மூன்று லாடக் காந்தங்கள். அவற்றின் கால்களுக்கு நடுவே, கம்பி சுற்றிய ஆர்மேச்சர் என்கிற உருளை சுழலும். தெரிந்த விஷயம்தான், மோட்டாரின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் இதற்குள் இருக்கும் கம்பி தலைமுடி கனம்தான். அதில் பத்தாயிரம் சுற்று.

"உள்ள இருக்கறதை வழிச்சுப் போட்டுட்டுப் பைக் காயில் ஒண்ணை வச்சு மூடிடலாம். யாரு திறந்து பார்க்கப் போறா?" என்றான் செல்லதுரை, அவர் போன பிறகு.

"நாம பாப்பமில்ல" என்றாள் பூவிழி.

அவளுக்கு அந்தப் பெட்டியின் மேல் ஆசை வந்துவிட்டது. வேறென்ன சொல்ல? வருடம் பூராவும் அஞ்சு எச்.பி., ஏழரை எச்.பி. என்று ஒரே தடிக் கம்பியைச் சுற்றிச் சலித்த கை. மேசையில் பழைய வேட்டியை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று அவளுக்கும் செல்லதுரைக்கும் நாலு நாள் வழக்கு நடந்தது. அவன் கட்சி: சந்தேகம் வந்தால் மாற்று. அவள் கட்சி: ஓடக்கூடியதை ஓட விடு, ஓடாததை ஒட்டவைத்து ஏமாற்றாதே. கண்டென்சர் உளுத்துப்போயிருந்தது, அதன் மேல் பாசம் வைக்க ஒன்றுமில்லை, புதுசு. பேரிங் புதுசு. கம்பி முழுவதும் புதுசு. இரும்பு உருளையும் பித்தளைக் காதுகளும் நூறு வருடமானாலும் கல்லுக்குண்டாக இருந்தன, அவை பழசே. காந்தம் சோர்ந்திருந்தது. அதற்காக இரண்டு பெரிய காயிலைத் தானே கட்டி, லாரி பேட்டரிகளை இணைத்து, காந்தத்துக்கு மறுபடி உயிர் ஏற்றினாள்.

ஸ்லிப் ரிங்கில் வந்து வழக்கு முட்டிக்கொண்டது. ஆர்மேச்சரின் நுனியில் மாட்டுகிற கறுப்பு வளையம் அது. அதன் மேல் கரித்துண்டு உரசித்தான் மின்சாரம் வெளியே வரும். அதில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது.

"லேத்துல நைலான்ல புதுசு கடைஞ்சு தரேன். ஒரு மணி நேர வேலை" என்றான் செல்லதுரை.

"நைலான் சூட்டுல இளகும். இதுல விரிசல் மேலாகத்தான் இருக்கு. அடைச்சுட்டா நாம செத்தாலும் இது சாகாது."

"நடு ரோட்ல நின்னுடுச்சுன்னா?"

"நிக்காதுங்க."

கம்பி இரண்டு தடவை அறுந்தது. முதல் தடவை மூவாயிரம் சுற்றில். இரண்டாம் தடவை எட்டாயிரத்துச் சொச்சத்தில். அன்றைக்கு அவள் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது நாள். மெல்லிய காகிதம் வைத்து அடுக்கடுக்காகச் சுற்றி முடித்து, பெட்டிக்குள் மாட்டிக் கையால் சுழற்றியபோது, கால் அங்குலம் தாண்டி நீலமாக ஒரு பொறி டக்கென்று குதித்தது. செல்லதுரை அதைக் கண்ணால் பார்த்தான். "பலே" என்றான். மறுநாள் அவன் வெளியே போயிருந்தபோது ஆர்மேச்சரைப் பல்புப் பெட்டிக்குள் அரை நாள் வைத்துக் கை வைக்க முடியாத சூட்டோடு எடுத்து மாட்டிச் சுழற்றினாள். அதே பொறி. அவன் வந்ததும் சொன்னாள். "சரி சரி" என்றான். பிறகு கடைசிப் பூச்சு வார்னிஷுக்காக ஆர்மேச்சரை வெளியே எடுத்தாள். உலர்ந்ததும் ஸ்லிப் ரிங்கை ஸ்பிரிட்டால் துடைத்து, தூசி படாமலிருக்க அதே மெல்லிய காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டினாள். இனி பெட்டிக்குள் போட்டுக் காரில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. செல்லதுரையின் அம்மாவுக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமியாருக்குத் துணையாக ஐந்து நாள் அவள் அங்கே கிடந்தாள். மூன்றாம் நாள் செல்லதுரை போன் செய்தான்.

"பூவு, ரெண்டாவது சுத்துலயே எடுத்துக்கிச்சு! ஐயா அசந்துட்டாரு. எல்லாம் உன் காயிலுதான், வேற என்ன!"

வார்டுக்கு வெளியே நடைபாதையில், சோற்றுத் தூக்கோடு நின்றபடி பூவிழி அழுதாள். நல்ல அழுகை.

கல்யாணத்தன்று அந்தக் கார் மன்னார்குடித் தேரடியிலிருந்து மண்டபம் வரை மாலையும் சீரியல் பல்புமாகப் போனது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மண்டப வாசலில், அத்தனை பேர் முன்னாலும், பஞ்சநதத்தின் மனைவி மங்களாம்பிகை பூவிழியின் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார். பட்டுப்புடவை, பழம், பூ. "கைராசிக்காரி" என்றார். கன்னத்தைத் தடவினார். கொஞ்சம் கூடுதலாகவே தடவினாரோ என்று பூவிழிக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் யார் அதையெல்லாம் அளந்து பார்க்கிறார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் தஞ்சாவூர் சிங்காரவேலு ஒருவர். பழைய மோட்டார் சைக்கிள்களாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறவர். ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போன் செய்தார். தன்னிடம் இரண்டு மேக்னெட்டோ கிடப்பதாகவும், இரண்டையும் அந்த அம்மாவிடமே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். செல்லதுரை நேரமில்லை என்று சொல்லிவிட்டான். ஐப்பசியில் மறுபடி கேட்டார். மழை, வார்னிஷ் காயாது என்றான். தை மாதம் அவர் நேரிலேயே வந்தார். பூவிழி உள்ளேயிருந்து எழுந்து வருவதற்குள் பேசி அனுப்பிவிட்டான்.

"ஏங்க, நான் பண்ணித் தரேன்னுதானே சொல்றேன்? சும்மாதானே உக்காந்திருந்தேன்?"

"ஒரு தடவை நல்லா வந்துடுச்சு. அதோட நிறுத்திக்க பூவு. பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

நல்லா வந்ததற்கு அப்புறம் பேர் எப்படிக் கெடும்? பூவிழிக்குப் புரியவில்லை. புருஷன்காரனுக்குக் கண்ணேறு பயம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏழு மாதம் அந்தச் சமாதானத்தோடும், யாராவது கார் பேச்சை எடுத்தால் "அது நான் கட்டினது" என்று சொல்லிக்கொள்கிற சந்தோஷத்தோடும் இருந்தாள். உறவுக்காரர்களிடம் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னாள். பாவி மகள்.

இந்த வருடம் பங்குனியில், கடை நிறைய மோட்டார்கள் குவிந்து கிடந்த ஒரு முற்பகலில், மங்களாம்பிகை ஆட்டோவில் வந்து இறங்கினார். செல்லதுரை போர் மோட்டார் இறக்கத் திருத்துறைப்பூண்டி போயிருந்தான். பூவிழி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"பிரபுவும் மருமகளும் அடுத்த வாரம் லீவுல வராங்க. இந்தக் காரு கிளம்ப மாட்டேங்குது" என்றார் மங்களாம்பிகை. "சீட்டுக்கு அடியில இருக்கிற பேட்டரி இறங்கிப்போச்சுங்கறாரு இவரு. சார்ஜ் போட்டும் எடுக்கலை. பழைய சாமானு ஏதாவது உதவுமோ என்னவோன்னு இந்த மூட்டையைக் குடுத்து அனுப்பினாரு."

"அந்தக் காருக்கு ஏதுங்கம்மா பேட்டரி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபடி பூவிழி மூட்டையை அவிழ்த்தாள்.

பழைய பேரிங் இரண்டு. உளுத்த கண்டென்சர். கருகிய பழைய கம்பி ஒரு சுருள். அதற்கு நடுவே, வார்னிஷ் பளபளக்க, பூத்தொடுத்த முடிச்சோடு, அவளுடைய ஆர்மேச்சர்.

பூவிழி அதைக் கையில் எடுத்தாள். தன் பிள்ளையை வேறு யார் வீட்டிலோ பார்த்தது போலிருந்தது. கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கார் ஓடியது. இது இங்கே இருக்கிறது. அப்படியென்றால் காருக்குள் ஓடியது எது?

அவள் முகத்தைப் பார்த்த மங்களாம்பிகை பதறிப்போனார். "இத்தனை நாள்ல அவரே சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்... தப்பு பண்ணிட்டேனே" என்றார். பிறகு, மறைத்து இனி என்ன பயன் என்று நினைத்தவராக, குரலைத் தணித்துச் சொன்னார்: "நீ கட்டினது சரிப்பட்டு வரலைம்மா. உன் வீட்டுக்காரரு வந்து சொன்னாரு, நாப்பது நாள் உசிரைக் குடுத்துக் கட்டினா, பொறி வரலைன்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவா, நீங்க யாரும் காட்டிக்க வேணாம்னு. அப்புறம் வேற ஏதோ புதுசா உள்ள வச்சு, பேட்டரி குடுத்து ஓட வச்சாரு. நல்ல மனுஷன். பொண்டாட்டி மனசு நோகக் கூடாதுன்னு எத்தனை பேரு நினைப்பாங்க? நான்தான் இவர்கிட்ட சொல்லி, பரவால்ல, அந்தப் பொண்ணுக்கும் ஒரு புடவை எடுத்துடுங்கன்னேன்."

அந்தத் தாம்பாளம். அந்தக் கன்னத்தைத் தடவிய கை. அத்தனை பேர் முன்னாலும் வாயெல்லாம் பல்லாக நின்றாளே, அப்போது ஐயா வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "கைராசிக்காரி" என்று சொன்னது கை வராதவளுக்குப் போட்ட பிச்சை. பூவிழிக்கு உடம்பு கூசியது. அவள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட ஒவ்வொரு இடமும் நினைவுக்கு வந்தது, அதில் எத்தனை பேர் உள்ளுக்குள் உச்சுக்கொட்டியிருப்பார்கள் என்பதும்.

மங்களாம்பிகையை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தாள். வேலை ஓடவில்லை. செல்லதுரை மூன்று மணிக்கு வந்தான். மேசையில் இருந்ததைப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் சாவியைக்கூடக் கையிலிருந்து வைக்காமல் அப்படியே நின்றான்.

"யாரு கொண்டாந்தது?"

"உடையவங்கதான். நீங்கதான் எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்துடுவீங்களே."

அதுதான் வேடிக்கை. அடுத்தவன் பித்தளையில் குன்றிமணி எடைகூட வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். உருளை ஐயா வீட்டு உருளை, பித்தளை ஐயா வீட்டுப் பித்தளை, ஆகவே ஐயா வீட்டுக்கே போக வேண்டும் என்று பொறுப்பாகக் கட்டி அனுப்பியிருக்கிறான். அதில் சுற்றியிருந்த நாற்பது நாள் யாருடையது என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

"என்ன பண்ணச் சொல்ற? போட்டுப் பார்த்தேன், பொறி வரலை" என்றான் செல்லதுரை. தரையைப் பார்த்துச் சொன்னான். "கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்துச்சு. நீ ஆஸ்பத்திரில அம்மாவோட இருந்தே. உங்கிட்ட சொல்லி உன்னை வேற அழ வைக்கவா? ஐயா வீட்டுக் கல்யாணம். அந்த வீட்டு வாசல்ல எங்க தாத்தா கைகட்டி நின்னாரு. அங்க நடுத்தெருவுல வண்டி நின்னா, இவனுங்ககிட்ட குடுத்தோம் பாருன்னு ஊரே சொல்லும். அதுக்குத்தான் மாத்தினேன்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூவிழியின் கோபம் சட்டென்று தன் மேலேயே திரும்பியது. பொறி வரவில்லையா? சூட்டில்கூட வந்ததே. கடைசி வார்னிஷில் எங்காவது கம்பி அறுந்ததா? விரிசலில் ஈரம் இறங்கியதா? அவன் சொன்ன நைலானையே போட்டிருக்கலாமோ? எந்த இடத்தில் தப்பு என்று பார்க்க ஆர்மேச்சரைத் திருப்பினாள்.

ஸ்லிப் ரிங்கின் மேல் அந்த மெல்லிய காகிதம் அப்படியே இருந்தது. அவள் கட்டிய நூல், அவள் போட்ட முடிச்சு, அவள் கத்தரித்த நுனி. அந்தக் காகிதத்தைப் பிரிக்காமல் ஆர்மேச்சர் பெட்டிக்குள்ளேயே போகாது.

பூவிழி அதை அவன் பக்கம் நீட்டினாள். செல்லதுரை பார்த்தான். அவனும் மெக்கானிக்தானே, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போட்டுப் பார்க்கவே இல்லை" என்றாள்.

அவன் அப்போதுதான் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தான்.

அவள் கட்டியது எரிந்து அழிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சோதித்து, தோற்று, மறைத்திருந்தால் அது பிரியத்தில் சொன்ன பொய் என்று ஒருநாள் மன்னித்திருப்பாள். இவன் சோதிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடம் அவள் கட்டிய ஒவ்வொரு மோட்டாரையும் தன் கடைப் பெயரில் அனுப்பியவன், ஒரே ஒரு தடவை, ஐயா வீட்டு வாசலில் மானம் என்று வந்ததும், அவள் கையை நம்பவில்லை. நம்பாததோடு விடாமல், அவள் கை தோற்றது என்று வாயாலும் சொல்லிவிட்டான். மாமியாரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அவள் தஞ்சாவூரில் இருந்த நேரத்தில் சொல்லியிருக்கிறான். கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இப்படி அன்பாகப் பறிப்பார்கள் என்று தெரியாது.

"அந்தப் பொட்டியைக் கழட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

"பூவு, பேட்டரியை மாத்தினா போதும்..."

"கழட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் கொண்டுவந்தான். உள்ளே ஆர்மேச்சர் இருந்த இடத்தில் வெறும் தண்டு. மேலே ஒரு பைக் காயிலும் எலெக்ட்ரானிக் சாமான் பதித்த பச்சைத் தட்டு ஒன்றும் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழு மாதம் வெறும் வயிற்றோடு கிடந்த காந்தம் மறுபடி சோர்ந்திருந்தது. அதற்கு உயிர் ஏற்ற ஒரு நாள். துடைத்து, ஆர்மேச்சரை இறக்கி, மூட ஒரு நாள். அந்த இரண்டு நாளும் அவனோடு அவள் பேசவில்லை. வேலைக்கு வேண்டிய ஸ்பேனரைக்கூடக் கேட்காமல் தானே எழுந்து எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இருவரும் கீழமருதங்குடிக்குப் போனார்கள். பஞ்சநதம் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மங்களாம்பிகை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூவிழியே இன்ஜினுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து மண்டியிட்டு, குறிக்கோடுகள் ஒன்றுசேரப் பார்த்து மேக்னெட்டோவைப் பொருத்தினாள். சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரியை எடுத்து வெளியே தரையில் வைத்தாள். அதை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் வைத்தாள்.

"சுத்துங்க" என்றாள் செல்லதுரையிடம்.

அவன் முன்னால் போய் இரும்புப் பிடியை மாட்டிச் சுற்றினான். ஒன்று. இன்ஜின் இருமியது. இரண்டு. ஒன்றுமில்லை. அவன் சொன்னதுதான் நிஜமோ என்று பூவிழி ஒரு கணம் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரப்பட்டாள். மூன்றாவது சுற்றில் வண்டி தடதடவென்று பிடித்துக்கொண்டது. கொட்டகை ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. கால் மணி நேரம் ஓட விட்டார்கள். பானட் தொட முடியாமல் சுட்டது. நிற்கவில்லை.

பஞ்சநதம் எழுந்து வந்து செல்லதுரையின் தோளில் தட்டினார். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அவன் தோளில் கை வைத்ததில்லை.

"பரவால்லையே செல்லதுரை! அன்னிக்கு வராத பொறியை இன்னிக்கு வர வச்சுட்டியே. அவ கட்டினதுல என்ன கோளாறு, கண்டுபிடிச்சுட்டியா?"

பூவிழி கணவனைப் பார்த்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள், அந்த ஒரு நிமிடம் மனசார அவனுக்காக வேண்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை. கோளாறு இல்லீங்கய்யா என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டானானால் ஏழு மாதத்தையும் அள்ளி ஆற்றில் போட்டுவிடலாம்.

"சின்னக் கோளாறுதாங்கய்யா" என்றான் செல்லதுரை. "பார்த்துட்டேன்."

பூவிழி கையைத் துணியில் துடைத்தாள்.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நன்றாகவே சொன்னாள். "இது போன வருஷமே ஓடியிருக்கும். இவரு போட்டுப் பார்க்கவே இல்லை. போட்டுப் பார்த்தேன், வரலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னாரு. எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. இப்ப இதுக்குள்ள இருக்கறது அன்னிக்கு நான் கட்டினது. ஒரு சுத்துகூட மாத்தலை."

பஞ்சநதம் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி, ஓடுதுல்ல, விடு விடு" என்று நாற்காலிக்குப் போய்விட்டார். மங்களாம்பிகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். செல்லதுரையின் காதுமடல் சிவந்திருந்தது. அவன் கருவிகளைப் பையில் போட்டான். ஒன்றிரண்டு கீழே விழுந்தன.

ஊர் எல்லை தாண்டி, வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பங்குனி வெயிலில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. இறங்காமல், திரும்பாமல், முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான். குரல் உடைந்திருந்தது.

"அவங்க முன்னாடி என்னை விட்டுக்குடுத்துட்டியே பூவு. அந்த வாசல்ல. உன்னை எவ்வளவு நம்பினேன்."

நம்பினானாம். பூவிழிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவன் நடிக்கவில்லை. நிஜமாகவே நெஞ்சு வெடித்துத்தான் பேசுகிறான். தான் செய்தது என்ன என்று இவனுக்கு இன்னும் தெரியவில்லை. இனி தெரியப்போவதும் இல்லை.

"நீங்க அஞ்சு நிமிஷம் நின்னீங்க" என்றாள். "நான் ஏழு மாசம் நின்னேங்க. அதே ஆளுங்க முன்னாடி, அவங்க குடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு."

பூவிழி இறங்கினாள். கருவிப் பையை அவன் பின்னால் சீட்டில் வைத்து, விழாமலிருக்கக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். பிறகு மன்னார்குடி பஸ் நிற்கும் மரத்தடியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.